நீளமான பெயரால் நின்றுபோன கம்ப்யூட்டர்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் காரைக்குடியில் குடியிருந்தோம். மானகிரிப் பக்கம் ஒரு தனியார் ரசாயன ஆலையில் என் கணவருக்கு வேலை. அங்கே பீரோ உயரத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. குழாயில் விஷவாயு கசிந்தால் அபாய மணி அடித்து, எந்தப் பகுதி, யார் பொறுப்பு என்று காகிதத்தில் அச்சடிப்பது அதன் வேலை. அதன் உள்விவரம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

அப்போது மாமனாருக்கு நெஞ்சுவலி. கல்லலிலிருந்து கூட்டிவந்து காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் ஆலையிலிருந்து ஆள் வந்தது, மிஷின் நின்றுவிட்டதாம். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளை எடுத்தார்.

மத்தியானம் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. கண் திறக்கும்போதெல்லாம், "தம்பி வந்துட்டானா ஆத்தா?" என்றார். டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே இனித் தாங்காது என்று தெரிந்தது. ஓடிப்போய் ஆலைக்குப் போன் போட்டேன்.

"மாமா உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காக. உடனே வாரீகளா?"

இவர் காரணத்தைச் சொன்னார். புதிதாக வந்த பொறுப்பாளரின் நீளமான பெயர்தான் வினை. அச்சடிக்கும் வரிக்கென்று மிஷினுக்குள் ஒதுக்கியிருந்த இடம் கொஞ்சம். புரோகிராம் எழுதியவர்கள் அளவே பார்க்காமல் எழுத்துகளை அதில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். மிஞ்சிய எழுத்துகள் பக்கத்தில் இருந்த கட்டளைகளை அழிக்க, எல்லாம் நின்றுபோயிருக்கிறது.

"பேரைச் சுருக்கிப் போட்டுட்டு இப்பவே வந்துரலாம். ஆனா நாளைக்கு இன்னொருத்தன் நீளமா எதையாச்சும் அடிச்சா மறுபடி நிக்கும். அந்நேரம் கசிஞ்சா மணி அடிக்காது. முதலாளி ஆலைய நிறுத்த மாட்டேங்குறாரு. உள்ள அம்புட்டுப் பேரு வேலை பார்க்குறாக."

இடம் நிரம்பியதும் மீதி எழுத்துகளை வெட்டிவிடும்படி மாற்றி எழுதிவிட்டு வருகிறேன் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் இவர் வந்தார். மாமாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இவர் அழவில்லை. துணியை விலக்கி, அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "அப்புறமும் என்னையக் கேட்டாகளா?"

சுருக்கென்று தைக்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று மத்தியானம் முழுக்க வெந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. "இல்லங்க, தூங்கிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக" என்றேன். உண்மையில், உதடு அசைகிறவரை மாமா வாசலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

அந்த மிஷின் அதன்பிறகு நிற்கவே இல்லை. ஒன்றும் நடக்காததால் அவர் என்ன செய்தார் என்பது ஆலையில் யாருக்கும் தெரியவும் இல்லை. முதலாளி, துக்கத்துக்கு ஒரு மாலை அனுப்பியதோடு சரி.

என் கணவரும் போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. அன்று அவர் செய்தது சரி என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களை நினைத்தால், சரியான காரியத்துக்கும் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனசு இன்றைக்கும் ஆறவில்லை.