விசில்காரரின் கூஜா

விசில்காரர் வெதுவெதுப்பான முதல் தண்ணீரை ஊற்றி, நாலு சுழற்று சுழற்றி, கொட்டிவிடுகிறார். "எடுத்த எடுப்புல கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பீங்கான் பொளந்துக்கும். அதையும் கொஞ்சம் தட்டிக்குடுத்துத்தான் வேலை வாங்கணும்." இரண்டாவது தண்ணீர்தான் உள்ளே தங்கும்.

பார்வைக்கு டீ கெட்டில் மாதிரி மூக்கும் பிடியும் வைத்த பீங்கான் சாமான். மூடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம், உடம்போடு ஒட்டியே இருக்கிறது. சுடுதண்ணீர் கீழே வயிற்றில், சவரச் சோப்பு மேலே கிண்ணத்தில். ஒன்றோடொன்று கலக்காது; சூடு மட்டும் மேலே ஏறும். பழைய சாமான் கடையில் பிடித்தது. வீட்டில் அதற்குப் பெயர் கூஜா.

"பஸ்ஸுல யாருக்கும் கூஜா தூக்க மாட்டேன்னு வீராப்பு. வீட்டுல விடிஞ்சா இதைத்தான் தூக்கிட்டு அலையறீங்க" என்பார் அவர் மனைவி.

ஒரு தடவை வந்திருந்த மச்சினிச்சி, மூக்கைப் பார்த்து ஏமாந்து, சோப்புப் பிரஷ் ஊறுகிற அந்த மூக்கு வழியாகவே டீயை ஊற்றிவிட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தூள் அக்கா, இவ்வளவு வாசனையா இருக்கு?" என்று கேட்டாராம். "குடிச்சாச்சுல்ல, இனிமே பேச்சு வழவழன்னு வரும்" என்றாராம் இவர்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அவர்கள் வீட்டு வாஷ்பேசின். ஊறவைத்த பிரஷ்ஷால் சோப்பைக் கலக்குவார். முதலில் வருவது பாத்திரம் கழுவுகிற நுரை. "இது வெறும் காத்து" என்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மறுபடி சுழற்றுவார். பெரிய குமிழிகள் செத்து, நுரைக்கு ஒரு கனம் வரும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி சரியாமல் நிற்கவேண்டும். வலது கன்னத்தில் பூசிவிட்டு, இடது பக்கத்துக்கான நுரை ஆறாமலிருக்கக் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடிவைப்பார்.

பஸ் கண்டக்டர். சந்து முழுக்க அவரை விசில்காரர் என்றுதான் சொல்லும். அவர் விசிலுக்குத் தூங்குகிற டிரைவரும் கியரைத் தேடுவார் என்று பெயர். போன மழைக்காலத்தில் டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் கம்பியில் முகம் மோதி, தாடை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. கீழ் உதட்டின் இடது பாதியும் அதை ஒட்டிய தாடையும் மரத்துப்போயின. விசில் உதட்டில் நிற்காமல் எச்சிலோடு வழுக்குகிறது. இப்போதைக்கு பஸ்ஸின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அடித்துச் சமாளிக்கிறார். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. "உக்கார வச்சா நான் துருப்பிடிச்சிடுவேன்" என்கிறார். நரம்புக்கு உணர்ச்சி தானாக வந்தால் உண்டு என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அடிபடுவதற்குமுன் அவர் சவரம் குழாயடித் தண்ணீரில் ஓட்டமாக முடிகிற சமாசாரம். மரத்த பிறகு ஒருநாள் தாடையைக் கிழித்துக்கொண்டு தெரியாமலே டூட்டிக்குப் போய்விட்டார். காலரில் ரத்தம் என்று பயணி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. அந்த வாரமே கூஜா வந்தது. ஏன் என்று கேட்டால், "நுரை நல்லா நிக்கும்" என்பார்.

ஆனால் வலது பக்கம் சிரைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பவர், சூடான பிரஷ் இடது தாடையைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். அவர்கள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"என்ன, வந்துச்சா?"

"இன்னும் ஸ்டாப்புக்கே வரலை."

இது தினமும் நடப்பது. நேற்றும் வலது பக்கம் முடிந்தது. தட்டை எடுத்தார். இடது உதட்டுக்குக் கீழே பிரஷ்ஷை வைத்தவர், கண்ணை மூடவில்லை.

"ஏய், தண்ணியை இன்னைக்கு அதிகமா காயவச்சிட்டியா?"

"தினம் வைக்கிறதுதான். ஏன், வலப்பக்கம் சுட்டுச்சா?"

"வலப்பக்கம் இல்லை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் பிரஷ்ஷை அதே இடத்தில் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு நுரை முகத்தோடேயே, கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து உதட்டில் பொருத்தினார். ஊதவில்லை. நிற்கிறதா என்று பார்க்க, கையை மட்டும் மெல்ல விசிலிலிருந்து எடுத்தார்.