மைக்செட் சடையப்பனின் தள்ளாட்டம்

கல்யாண வீட்டில் ஒருவர் தள்ளாடினால் முதலில் என்ன செய்கிறீர்கள்? கிட்டே போய் மோந்து பார்க்கிறீர்கள், இல்லையா?

சிதம்பரத்து மைக்செட் சடையப்பனைப் பாதி ஊர் மோந்து பார்த்திருக்கிறது. வந்தது வெற்றிலை வாசனை. மூக்கோ, தான் விரும்பியதை நம்பியது.

வாசலில் சரவெடி வெடிக்கும். ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு வரும் சடையப்பன் திடுக்கிட்டுப் பந்தல்காலைப் பிடிப்பார். கால்கள் பின்னும், நாக்கு குழறும். இரண்டொரு நிமிடந்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டுவார்.

"காலையிலயே ஆரம்பிச்சிட்டியா மாமா?" என்பார் சமையல்காரர் கதிர்வேல்.

"உனுக்கும் வோணுமா மாப்ள?" என்று சட்டைப்பையைத் தட்டுவார் சடையப்பன். அதில் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருக்கும். பாட்டிலுக்குள் தண்ணீரும் நிறத்துக்குக் கொஞ்சம் டீ டிகாஷனும். அவர் ஆயுளில் மதுவைத் தொட்டதில்லை.

2008இல் புதுச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவர் காரணம் கண்டுபிடித்தார். நரம்புச் செல்லின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. செல் ஒருமுறை துடித்ததும் அவற்றின் வழியே பொட்டாசியம் வெளியேறும், செல் அடங்கும். சடையப்பனின் மரபணுவில் சிறியதொரு மாற்றம்; வாயில் சரியாகத் திறப்பதில்லை. திடுக்கிட்டால் சிறுமூளையின் செல்கள் அடங்காமல் கத்துகின்றன. கால் யார் பேச்சைத்தான் கேட்கும்?

"மைக்கு ஊய்னு கூவும் பாருங்க சார், அந்த மாதிரி. சவுண்ட கொறைக்கிற நாபு எனக்குக் கொஞ்சம் ஸ்லோ. எங்கப்பனுக்கும் இருந்துதாம். ஆனா அவுரு நெசமாவே குடிச்சாரு. எது எதுன்னு யாரு கண்டா?" என்று என்னிடம் சொன்னார் சடையப்பன்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன்.

"குடிகாரன் பொண்ணுக்கு மாப்ள கெடைப்பான் சார். இது வம்சத்துல வர்றதுன்னா எவன் வருவான்?"

மகள் சிந்துஜாவுக்கும் அது லேசாக உண்டு. அப்போது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. குடித்தால் ஆண்பிள்ளை, நோய் வந்தால் குலத்துக்கே இழுக்கு என்று தராசு பிடிக்கிற ஊரில் அந்த மனிதர் வேறென்ன செய்வார்?

கடலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அடுக்களையில் ஒரு குடம் உருண்டது. அந்தச் சத்தத்தில் சடையப்பன் தள்ளாடிச் சுவரில் சாய்ந்தார். மாப்பிள்ளையின் தாய் தைலம்மாள் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"ஆம்பளைங்கன்னா அப்படித்தான். எங்க வூட்லயும் ஜாஸ்திதான்."

சம்பந்தம் முடிந்த மாதிரிதான். சிந்துஜா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா குடிக்கறதில்லிங்க. அது நரம்புக் கோளாறு, எனக்கும் இருக்குது. நாளைக்கி உங்க வூட்ல நான் தள்ளாடுனா, நானும் இடுப்புல பாட்டில் சொருவிக்க முடியுமா?"

காபி ஆறியது. "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

"நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்னு தானே சொன்னன், கெடுத்துட்டியே புள்ள" என்றார் சடையப்பன். இதைப் பெயர் போட்டே எழுதச் சொன்னவள் சிந்துஜா. அப்பனைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

போன ஆவணியில் கிள்ளையில் ஒரு கல்யாணம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவளும் வந்திருந்தாள். வெடிச்சத்தம் கேட்டதும் சடையப்பன் தள்ளாடினார், பந்தல் சிரித்தது. சிந்துஜா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் வலது முழங்கையைப் பிடித்து, சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி நின்றாள்.

இடது பக்கம் ஆளில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அந்தக் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.