பின்பக்கங்களில் ஒரு ஈஸ்டர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம் எர்சிலியா தத்தேயி பீசா நகரத்து ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தூசி தட்டும் வேலை. குண்டு விழுந்த கட்டிடங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பழைய ஏடுகள் கட்டுக்கட்டாக மச்சுவரை குவிந்து கிடந்தன. ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும், தட்ட வேண்டும், துடைத்து மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான். படிக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

அறுநூறு வருடத்துக்கு முந்திய வியாபாரிகளின் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்றால் கோழி கோபித்துக்கொள்ளும். அவ்வளவு அவசரம் அதில். எர்சிலியா முதலில் இரண்டே சொற்களைத்தான் அடையாளம் கண்டாள். 'கொடுக்க வேண்டும்' என்பது ஒன்று, 'பெற வேண்டும்' என்பது இன்னொன்று. பக்கத்துக்குப் பக்கம் அவை இரண்டும் வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களின் பெயருக்குப் போனாள், பெயரிலிருந்து சரக்குக்குப் போனாள். மூன்று குளிர்காலம் கழிந்தபோது பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் பூதக்கண்ணாடியோடு முக்கி முனகும் வரிகளை இவள் கையில் துடைப்பத்தோடு நின்றபடி படித்துச் சொன்னாள்.

அதைத் தற்செயலாகக் கேட்டவர்தான் பேராசிரியர் உல்தெரிகோ நன்னிப்பியேரி. கணக்கியலின் வரலாறுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதிச் சரிபார்க்கும் இரட்டைப் பதிவு முறையை முதலில் யார் கைக்கொண்டார்கள் என்று ஒரு ஆயுளைச் செலவழித்துத் தேடுகிறவர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்கும் சண்டை உண்டு, கட்சி உண்டு, முகம் பார்த்துப் பேசாத வருடங்கள் உண்டு. அவர் பீசாக்காரர். எதிர்க்கட்சி புளோரன்சில் இருந்தது, பேராசிரியர் காம்பி என்ற பெயரில்.

எர்சிலியாவின் துடைப்பம் போய் மேசை வந்தது. முப்பது வருடம் அவள் படித்து எழுதிக் கொடுத்தாள், அவர் அதை வைத்து நான்கு புத்தகம் போட்டார். முதல் புத்தகத்தில் 'காப்பகத்தின் உதவும் கரங்களுக்கு' நன்றி. மூன்றாவதில் கொஞ்சம் முன்னேற்றம், 'பொறுமைசாலியான ஒரு பெண்மணிக்கு'. அவர் கெட்டவர் இல்லை. கிறிஸ்துமசுக்குத் தவறாமல் ஒரு புட்டி எண்ணெய் அனுப்புவார். பெயர் போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். எர்சிலியாவுக்கு அது வலித்தது. ஒவ்வொரு புத்தகமும் வந்த அன்று தனியாக உட்கார்ந்து முன்னுரையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மூடி வைப்பாள், யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஐந்தாவது புத்தகம் பாச்சாமேயோ என்ற தோல் வியாபாரியின் கணக்கேட்டைப் பற்றியது. பேராசிரியரின் கடைசிப் புத்தகம், அதோடு ஓய்வு. முதல் தொண்ணூறு பக்கம் அவருடைய வாதம், பின்னால் முந்நூறு பக்கம் எர்சிலியா எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுத்த ஏடு. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கத் திருத்தப் படி வந்தது. தலைப்புப் பக்கத்தில் பேராசிரியர் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், 'ஏட்டைப் படித்தெழுதியவர் எர்சிலியா தத்தேயி' என்று இருந்தது.

அவள் கணவன் ஒரெஸ்தே ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். அந்தத் தாளைக் கையில் வாங்கியவன் கீழே வைக்கவில்லை.

"அடியேய், உம் பேருடி! அச்சுலடி!"

"சின்ன எழுத்துதான்."

"சின்ன எழுத்தா இருந்தா என்ன? கண்ணாடி போட்டுப் படிக்கட்டும் பயலுக."

காப்பிக்கடை, தபாலாபீஸ், மீன் விற்கிறவள் என்று ஒருவரையும் விடாமல் ஒரே வாரத்தில் சொல்லி முடித்தான்.

ஏட்டை அலமாரிக்குத் திருப்பிக் கொடுக்க நான்கு நாள் இருந்தது. அதன் கடைசிப் பதினாறு பக்கங்களை எர்சிலியா படித்ததில்லை. அவை பாச்சாமேயோ வீட்டுச் செலவு. "வெங்காயக் கணக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு எதுக்கு, விட்டுடுங்க" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் கூடவே இருந்த ஏடு போகப்போகிறதே என்ற ஏக்கத்தில் அவள் ஒரு காலைப் பொழுது அந்த வெங்காயத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.

ஏட்டை எழுதியது முதலாளி இல்லை, லாப்போ என்ற கணக்குப்பிள்ளை. அது அவளுக்கு முன்பே தெரியும். பின்பக்கங்களில் அவன் கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். மெழுகுவர்த்தி விலை கூடிப்போனதற்கு அங்கலாய்த்திருந்தான். 'தங்கை கல்யாணத்துக்கு நான் புளோரன்சுக்கு வீட்டுக்குப் போய்வர, கோவேறு கழுதை வாடகை' என்று ஒரு வரி. எர்சிலியா சிரித்துக்கொண்டாள். அவளும் அந்தப் பக்கத்து எம்போலி ஊர்க்காரிதான். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகியும் பீசாக்காரர்கள் அவளை வந்தேறி என்றுதான் கேலி செய்கிறார்கள். அடுத்த வரியைப் படித்தாள்.

'1313 ஏப்ரல் 15, இன்று ஈஸ்டர் ஞாயிறு. ஆட்டுக்குட்டி இரண்டு.'

சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பீசாவும் புளோரன்சும் மார்ச் 25 அன்றுதான் புது வருடம் தொடங்கின. ஆனால் எங்கள் பீசாவுக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும், வருடத்தை ஒன்று கூட்டித்தான் எண்ணும். புளோரன்சில் 1312 என்று எழுதுகிற அதே நாளில் இங்கே 1313 என்று எழுதுவார்கள். பீசா ஏட்டில் 1313 ஏப்ரல் என்றிருந்தால் உண்மையில் அது 1312. பேராசிரியரின் தொண்ணூறு பக்கமும் இந்த ஒரு காலில்தான் நின்றது. காம்பி கொண்டாடும் புளோரன்ஸ் ஏடு 1312 நவம்பரில் தொடங்குகிறது. பாச்சாமேயோவின் ஏடு தொடங்கும் 1313 ஏப்ரல் உண்மையில் 1312 என்றால், அவன் அதற்கு ஏழு மாதம் முந்தியவன், ஆகவே பீசாவுக்கே வெற்றி.

ஆனால் ஈஸ்டர் வருடா வருடம் தேதி மாறும் பண்டிகை. எந்த வருடத்தில் எந்தத் தேதி என்ற அட்டவணை படிப்பறைச் சுவரிலேயே தொங்குகிறது. எர்சிலியா எழுந்து போய்ப் பார்த்தாள். 1312இல் ஈஸ்டர் மார்ச் 26. ஏப்ரல் 15 வந்தது 1313இல். விரல் வைத்து இரண்டாம் முறையும் பார்த்தாள்.

லாப்போ பீசாவில் உட்கார்ந்து, பீசா முதலாளியின் தோலுக்குக் கணக்கெழுதி, வருடத்தை மட்டும் தன் ஊர் வழக்கப்படி போட்டிருக்கிறான். அயலூரில் பிழைக்கப் போனவன் பண்ணுகிற காரியம். ஏட்டுக்கு ஒரு வயது குறைந்துபோயிற்று. பாச்சாமேயோ ஐந்து மாதம் பிந்தியவன்.

வீட்டுக்கு வந்து ஒரெஸ்தேயிடம் சொன்னாள். அவன் சூப்புக் கரண்டியைக் கீழே போட்டான்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தப் பக்கத்த யாராச்சும் படிப்பாங்களா?"

"என்னைய மாதிரி வேலையத்தவ எவளாச்சும் வந்தாத்தான்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. அறுநூறு வருஷத்துக்கு முந்தி எவனோ ஆட்டுக்குட்டி தின்னான்னு உம் பேரக் கெடுத்துக்குவியா? சொன்னா அந்தப் புஸ்தகம் வருமாடி?"

"வராது."

"அப்புறம் என்ன?"

மூன்று நாள் தலைப்புப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அந்தச் சின்ன எழுத்து அவளுக்கு வேண்டும். முப்பது வருடமாக வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனது கெஞ்சியது. அதற்கு அவள் மசிந்தும் போனாள், ஒரு முழு நாள். ஏட்டைக் கட்டி, நாடாவை முடிந்து, அலமாரிக்காரரிடம் நீட்டவும் நீட்டினாள். அவர் கை நீட்டியதும், "நாளைக்குத் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பேராசிரியர் அறைக்குப் போய் ஏட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவருக்கு அட்டவணை தேவைப்படவில்லை. மனப்பாடம்.

"தேதிய அவன் தப்பாப் போட்டிருக்கலாம்" என்றார்.

"ஈஸ்டர் என்னைக்குன்னு தெரியாம எவனாச்சும் இருப்பானா, புரொபசர்?"

"நான் வேண்டாம்னு சொன்ன பக்கத்த உங்கள யாரு படிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எம்போலிக்காரி புத்தி! கடைசில காம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க பாருங்க. நீங்க சொல்லலேன்னா யாருக்கு என்னம்மா நட்டம்? உங்க பேரும் அதுல இருந்துச்சே, அதக்கூடவா நெனைக்கல?"

எர்சிலியா சொல்லிவிட்டாள்.

"அத நெனச்சுத்தான் நாலு நாளாத் தூங்கல. இந்த ஏடு பூரா அந்தப் பையன் எழுதினது, புரொபசர். நாம பாச்சாமேயோ ஏடுன்னு பேரு வச்சோம். தேதியும் அவன் போட்டது இல்லேன்னு ஆக்கிட்டா, அவனுக்குன்னு என்ன மிச்சம்? எழுதினது ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்குன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் ஏட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். முப்பது வருடமாகச் சொல்லாததை இப்படியா போட்டு உடைப்பது என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவர் எழுபதை நெருங்கிய மனிதர், மனைவியை இழந்தவர், அந்தப் புத்தகத்தைத் தவிர அவருக்கு வேறு போக்கு கிடையாது. அதை நினைத்துத்தான் அழுதாள்.

அச்சு நின்றுபோனது. காப்பகத்துக்கு அவர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். காப்பிக்கடையில், "என்ன ஒரெஸ்தே, புஸ்தகம் எங்க?" என்று யாரோ கேட்க, அவன் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தான். வீட்டில் அவளிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம், காப்பகம் திறக்கும் நேரத்துக்கே பேராசிரியர் வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கையில் திருத்தப் படியின் கட்டு. அதை எர்சிலியாவின் மேசையில் வைத்தார். முதல் தொண்ணூறு பக்கம் அதில் இல்லை.

"எடுத்துட்டேன். காம்பிக்கும் கடிதாசி எழுதிட்டேன். குதிச்சுக் கூத்தாடுவான், ஆடட்டும்."

"புரொபசர், எல்லாத்தையுமா எடுப்பாங்க? அதுல எவ்வளவோ நல்லது இருந்துச்சே."

"இருந்துச்சும்மா. இன்னொரு நாள் இன்னொருத்தன் எழுதிக்குவான்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுல நான் எழுதினது எது, எனக்குக் காட்டுங்க."

அவள் கட்டைப் பார்த்தாள். முந்நூறு பக்கம். ஒவ்வொரு வரியும் அவள் கண் வழியே வந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள் மெதுவாக.

"ஆமா, ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசமா இதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பதினாறு பக்கத்தையும் படிச்சு எழுதிக் குடுங்க, அதையும் சேத்துடலாம்."

"வெங்காயத்தையுமா?"

"வெங்காயம், மெழுகுவத்தி, கழுத வாடகை, எல்லாத்தையும்." கோட்டுப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். புதிய தலைப்புப் பக்கம். அச்சுக்காரரிடம் சொல்லி எழுத்துக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

'லாப்போவின் கணக்கேடு' என்று மேலே இருந்தது. கீழே, அதே பருமன் எழுத்தில், எர்சிலியா தத்தேயி. மூன்றாவதாக எவருடைய பெயரும் இல்லை.

"முன்னுரை மட்டும் நான் எழுதறேன், நீங்க சரின்னா" என்றார். அனுமதி கேட்கும் பழக்கமில்லாத குரல், தடுமாறியது. "நாலு புஸ்தகத்துல விட்டுப்போனதையும் அதுலயே எழுதிடறேன்."

அவளுக்குத் தாளை மடிக்கவும் மனம் வரவில்லை, நீட்டிப் பிடிக்கவும் கூச்சம். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவர் போகும்வரை காத்திராமல், தொலைபேசி இருக்கும் நடைக்கு ஓடிப்போய், காப்பிக்கடை எண்ணைச் சுழற்றி, ஒரெஸ்தேயைக் கூப்பிடச் சொன்னாள்.