மச்சான் ஊற்றிய எண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சமையலுக்கு எந்த எண்ணெய் என்பதை மனைவியிடம் விட்டுவிட்டேன். வண்டிக்கு எந்த எண்ணெய் என்பதில் மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. சிம்மக்கல் கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். பைக்குக்கு என்று போட்டிருக்கிறதா, வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன வகைதானா என்று பார்ப்பேன். ஃபில்டர் வாங்கினால் அதன் ரப்பர் வளையத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பேன்.

"அண்ணே, கத்திரிக்காயா வாங்குறீங்க?" என்பார் கடைக்காரர்.

"கத்திரிக்கா சொத்தைன்னா தூக்கிப் போட்ருவேன். இஞ்சின எங்கிட்டுப் போய்ப் போடுறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கோச்சடை வீட்டு வாசலில் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புது ஃபில்டரை மாட்டி மூடியை முறுக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. மச்சான். என் மனைவியின் அண்ணன். நாங்கள் பேசி வெகுநாளாகியிருந்தது. அவருடைய புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு என்னை நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட நான் என்ன தண்ணி கேன் போடுகிறவனா? போகவில்லை. அவரும் முறுக்கிக்கொண்டார்.

இப்போது என் மகளுக்குக் காது குத்து வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கம் கிடையாது. அண்ணன் வராவிட்டால் என்ன செய்வது என்று மனைவி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. போனில் அழுதிருப்பாள் போல. ஒரு கையில் பழத்தட்டு, மறு கையில் எண்ணெய் டப்பாவோடு அவர் நின்றார்.

"மாப்ள வண்டிக்கு எண்ணெ மாத்துறாருன்னு தங்கச்சி சொல்லுச்சு. சிம்மக்கல்ல எறங்கி வாங்கிட்டு வந்தேன்."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். கார் எண்ணெய்.

"கடைக்காரன் பைக்குக்கு உள்ளதத்தான் மொதல்ல எடுத்துக் குடுத்தான் மாப்ள. வெலையக் கேட்டா காருக்கு உள்ளதுதான் ஒசத்தி. தங்கச்சி வீட்டுக்குச் சீராக் கொண்டு வாரது, கொறஞ்சதையா கொண்டு வருவேன்?"

பைக்கின் கிளட்ச் தகடுகள் இஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. கார் எண்ணெயின் வழுவழுப்புக்கு அவை ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். இதெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. நிலைப்படியில் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்துங்க மச்சான்" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றினார்.

அந்த வாரமே வண்டி வேலையைக் காட்டியது. ஆரப்பாளையம் பக்கம் பாலம் ஏறும்போது இஞ்சின் காட்டுக் கத்தல் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஆட்டோக்காரர், "யோவ், எறங்கித் தள்ளுய்யா!" என்று அலறினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் எண்ணெயை வடித்துவிட ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"சீரா வந்தத யாராவது கீழ ஊத்துவாகளா? காது குத்து முடியட்டும். அண்ணன் காதுக்குப் போயி மறுபடி முறுக்கிக்கிட்டா, எம்புள்ள யாரு மடியில உக்காரும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை வைத்தேன். அதன்பின் டவுன் பஸ்தான். காது குத்து அன்றைக்கு மட்டும், வண்டி எங்கே என்று மச்சான் கேட்பாரே என்று, ஊர் முழிப்பதற்கு முன்பே கிளம்பி, உருட்டாத குறையாகக் குலசாமி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எல்லோரும் வந்தாயிற்று, காது குத்துகிற ஆசாரி வரவில்லை. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்பதாகப் போன் செய்தார். "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று மச்சான் என் வண்டியை எடுத்துவிட்டார். சாவி அதிலேயே தொங்கியது. நான் ஓடி வருவதற்குள் கண்மாய்க்கரைச் சரிவில் இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி ஏறும்போது அந்தக் கத்தல் கோயில் வரை கேட்டது. ஆசாரி இறங்கி நடந்தார். பட்டு வேட்டியோடு மச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "போச்சு" என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நான் ஊத்துன எண்ணெயா மாப்ள?"

"வண்டி பழசு மச்சான்."

"பொய் சொல்லாதீங்க. போன்ல கூப்பிட்டதுக்கே விசேசத்துக்கு வராத ஆளு நீங்க. இதுக்கு ஒரு வார்த்த கேக்கலையே?"

"கேட்டிருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவள் வீல் என்று கத்தி மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே சொன்னார்:

"அழாத தாயி. மாமன் எங்கிட்டும் போகல."