சவரிமுத்துவின் முகமும் முந்நூறு புள்ளியும்

சவரிமுத்து இறந்த செய்தி எங்கள் பேனர் கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கி மின்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அனுப்பியவர் முதலாளி. விடிகாலையில் நெஞ்சுவலி வந்து சவரி போய்விட்டார் என்று முதல் வரியில் இருந்தது, பக்கத்தில் கைகூப்பும் படம். கோயில் பேனரை இனி மல்லிகா முடித்துவிட வேண்டும் என்று இரண்டாவது வரியில் இருந்தது. மல்லிகா நான்தான். படி முடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு முணுமுணுத்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அந்த இரண்டாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் தெரியாதவர்களும் அவருடைய வேலையைப் பார்த்திருப்பீர்கள். திருவிழா, நகைக்கடைத் தள்ளுபடி, கல்யாண மேடை என்று சிராங்கூன் சாலைப் பக்கம் தொங்கிய பேனர்களில் பல எங்கள் கடையில் உருவானவை. எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, ஏறக்குறைய ஒரே வயது. தங்கமான மனிதர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். முன்கோபக்காரர். கறிபஃப் தின்றுகொண்டே வேலை செய்வார். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் துகளெல்லாம் என் மேசையில் விழும்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் படமானாலும் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. யாரோ ஒருவர் தன் நேம் கார்டு மங்கலாக இருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனபிறகு முதலாளி போட்ட சட்டம் அது. புள்ளி கூடினால் கிட்டத்தில் பார்த்தாலும் படம் தெளிவாக இருக்கும்; கையில் வைத்துப் பார்க்கிற அட்டைக்குச் சரி. கோயில் வாசலில் உயரத்தில் கட்டுகிற பேனருக்கும் அதே முந்நூறு என்றால் கோப்பு ஊதிப் பெருத்துவிடும். கணினியின் நினைவகத்தில் கொள்ளாமல், படம் திருத்தும் மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தேடிப் போகும். அங்கேயோ முதலாளி அழிக்க விடாத பழைய கோப்புகள் மூக்குமுட்டக் கிடக்கும். பிறகென்ன, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வேறு எதுவும் அசையாது.

சவரி ஒருமுறை முதலாளியைத் தெருவுக்கே அழைத்துப் போய் ஒரு பேனரைக் காட்டினார்.

"பாஸ், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாக்குறாங்க. யாரு மூக்க ஒட்டிக்கிட்டு பாக்கப் போறா?"

"அதெல்லாம் பேசாத லா. குவாலிட்டி வேணும். த்ரீ ஹண்ட்ரட் போடு."

அன்றிலிருந்து சவரி முதலாளியிடம் சொல்லாமல் பேனர்களை நூறு புள்ளியில் செய்து அச்சுக்கு அனுப்பினார். முதலாளி ஒவ்வொன்றையும் தள்ளி நின்று பார்த்து, "பாத்தியா, த்ரீ ஹண்ட்ரட்னா த்ரீ ஹண்ட்ரட்தான்" என்பார். சவரி தலையைக் குனிந்துகொண்டு கறிபஃப்பைக் கடிப்பார்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் ராட்சசக் கோப்புகள் வேறு. அவை உறைந்துபோனால் நான் மௌஸைப் போட்டு அடிப்பேன். "அமுக்காத மல்லிகா. நீ அமுக்க அமுக்க அதுக்கு வேலைதான் கூடுது. கைய எடு" என்பார் சவரி. மற்ற நிரல்களை மூடுவார், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார், போய் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வருவார். பெரும்பாலும் அதற்குள் படம் அசைந்திருக்கும். அசையாவிட்டால் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. "சில ஃபைலுக்குக் காத்திருக்கலாம். சிலதுக்கு அந்தத் தகுதியே கிடையாது. மூடிடு."

தோ பாயோவிலிருந்து ஓர் அம்மா மகளின் கல்யாண மேடைக்குப் படம் கொண்டுவந்தார். கறுப்பாக, களையான பெண். "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்றார். முகத்தை வெளுத்து வழுவழுவென்று ஆக்க முதலாளி கணினியில் தனியாகவே ஒரு பொத்தான் வைத்திருந்தார்.

"ஏத்துறேன்மா. மேடையில உக்காந்திருக்கிற பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் சவரி. அந்த அம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். முதலாளி கத்தித் தீர்த்தார். அவர் போனதும் சவரி என் பக்கம் திரும்பி, "எனக்கு வாந்தி வருது மல்லிகா. அந்தப் பொத்தான அமுக்கினா எல்லாரும் அவிச்ச முட்டையாயிடறாங்க" என்றார்.

இனி அவர் இறந்த அந்த நாளுக்கு வருகிறேன். குவீன்ஸ்டவுனில் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அவர் மனைவி ரெஜினா அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் பெட்டிக்குப் பின்னால் பெரிதாக வைக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, யாரையோ திட்டப்போகிற மாதிரி இருந்தார் சவரி.

"மத்த படத்துல எல்லாம் சிரிக்கிறாரு. வேல முடிஞ்சு வீட்டுக்கு வர்ற மொகம் இதுதான் மல்லிகா. இத மாத்திடாதீங்க" என்றார்.

நான் தொடங்குவதற்குள் முதலாளி சவரியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் கையால் செய்யும் கடைசி மரியாதையாம். எட்டடிப் படம், முந்நூறு புள்ளி. மேகம் போட்டார், புறா போட்டார், ஒளிக்கதிர் போட்டார், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி போட்டார். கீழ் மூலையில் கடையின் சின்னத்தையும் தொலைபேசி எண்ணையும் வைத்தார்.

"பாஸ், இது சாவு வீடு" என்றேன்.

"அதனாலதான் லா. எத்தன பேரு வருவாங்க! நம்ம கடை பேரு இருந்தா என்ன தப்பு?"

கடைசியாக அந்தப் பொத்தானை அமுக்கினார். கணினி உறைந்தது. நெற்றியிலிருந்து மூக்குவரை வெளுத்து, அதற்குக் கீழே பழைய நிறத்திலேயே நின்றது சவரியின் முகம். பாதி அவிச்ச முட்டை. முதலாளி மௌஸைத் தட்டினார், குத்தினார், திட்டினார். பிறகு, "நீ பாத்துக்க. பசிக்குது, மீன்தலைக் கறி சாப்டுட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

எனக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. வாழ்நாளெல்லாம் எதைப் பார்த்து வாந்தி வருகிறது என்றாரோ அதையே அவர் முகத்தில் பூசி, அடியில் விளம்பரமும் ஒட்டி, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து செய்திருக்கிறார் முதலாளி. காத்திருந்தால் அந்தப் படம் ஒருவேளை முடிந்துவந்திருக்கும். ஜெபத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சேமிக்காத வேலை போய்விடும் என்று கணினி எச்சரித்தது. போய்த் தொலையட்டும் என்று மூடினேன்.

ரெஜினா அக்கா அனுப்பிய படத்தை நூறு புள்ளியில் திறந்தேன். பெயரை மட்டும் சேர்த்தேன். ஒருமுறைகூடத் திணறாமல் அச்சுக்குப் போனது. சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்து, ஜெபம் தொடங்குவதற்கு முன்பே கட்டிவிட்டேன். ரெஜினா அக்கா தள்ளி நின்று பார்த்தார். "ஆமா, இவருதான்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

ஜெபம் பாதியில் இருந்தபோது முதலாளி வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் கண் நேராகக் கீழ் மூலைக்குப் போனது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அந்த மூலையில் குனிந்தார். இந்த மூலையில் குனிந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு கடைச் சின்னத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார். இவ்வளவு கேவலமான காட்சியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கண்டதில்லை.

ரெஜினா அக்கா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பாக்கெட் சோயாபால் கொடுத்தார். என்னிடம் வந்து, "பாவம், படத்துல மொகத்த வச்சு அழுறாரு. உங்க பாஸுக்கு இவர் மேல இவ்ளோ பாசம்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

இப்போது அவர் மேசையில் கறிபஃப் துகள் இல்லை. பேனர்களை நான் நூறு புள்ளியில்தான் செய்கிறேன். முதலாளி தள்ளி நின்று பாராட்டுகிறார். அதெல்லாம் கடையோடு போகட்டும். சவரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரே ஒரு கேள்வியைத்தான். யாரு மூக்க ஒட்டிக்கிட்டு பாக்கப் போறா? எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, சவரி. பக்கத்து மேசைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், அதைக் கேட்டுச் சிரிக்க நீங்கள் இல்லை.