கண்ணாடி இல்லாத படம்

போன வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் செங்கம் ரோடு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஐந்து பேர். பக்கத்தில் இருந்த பெண் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். நெருக்கத்தில் அந்தப் பை என் கைமேல் சாய்ந்தது. குனிந்து பார்த்தால் பையில் அச்சடித்த படத்திலிருந்து அந்த அம்மா என்னைப் பார்க்கிறாள். கைமேல் கை வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா இல்லையா என்று பிடிபடாத அதே முகம். யாரோ விளையாட்டுக்கு அவளுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டிருந்தார்கள்.

உங்களுக்கும் அவளைத் தெரியும். தெரியாதவர்கள் உலகத்தில் கம்மி. நோட்டு அட்டையில் பார்த்திருப்பீர்கள், டீ கப்பில் பார்த்திருப்பீர்கள். பல் டாக்டர் போர்டில்கூட ஒரு தடவை பார்த்தேன், அவளுக்குப் பல்லே தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை போல. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு பெரிய மேதை வரைந்தது என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அந்த மேதையின் பேர் இன்னும் என் வாயில் ஒழுங்காக நுழைவதில்லை. ஆனால் அந்த அம்மாவின் நெற்றியை நான் தொட்டிருக்கிறேன். தொட்டதில் என் வேலையே போகப் பார்த்தது.

எங்கேயாவது டர்பன்டைன் வாசனை வந்தால் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு அது கதவுக்குப் பெயின்ட் அடிக்கிற வாசனை. எனக்கு ஆறாம் நம்பர் ரூம்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் எட்டு ரூம் உள்ள கெஸ்ட் ஹவுஸ். கூட்டுவது, துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது என் வேலை. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். படித்தது கீழ்பென்னாத்தூரில் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும். வீட்டுக்காரர் தவறின பிறகு ரெண்டு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். நான் சோற்றுக்கு உட்காரும்போது மட்டும் எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவாள். கெஸ்ட் ஹவுஸில் வேலையோடு ஒரு ரூமும் கொடுத்தார்கள். மோட்டார் பக்கத்தில், கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆனால் அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. எனக்கென்று இருந்த முதல் தாழ்ப்பாள் அதுதான். முதல் வாரம் சும்மாவே நாலு தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன்.

ஆறாம் நம்பருக்கு லூசியா அம்மா வந்தது மார்கழியில். இத்தாலிக்காரி, என்னைவிடப் பத்து வயசு ஜாஸ்தி இருக்கும். காலையில் மலையைச் சுற்றிவிட்டு வந்து ரூமில் உட்கார்ந்தால் பொழுதுக்கும் ஒரு பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பலகையில் அந்த அம்மா. லூசியா அம்மா பிரஷ் பிடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, ரூமில் வீசின டர்பன்டைன் வாசனையைக் கதவுப் பெயின்ட் என்றே நினைத்தேன். நான் தண்ணீர்க் கூஜா வைக்கப் போவேன், லூசியா அம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாத்ரூம் கழுவிவிட்டு வருவேன், அப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு படத்துக்கு முன்னால் இப்படி யார் உட்காருவார்கள்? அம்மாவைப் பறிகொடுத்தவள்தான் உட்காருவாள்.

வெள்ளிக்கிழமைகளில் ரிசப்ஷனில் இருக்கிற சாமி படங்களையும் ஓனரின் அப்பா படத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதும் என் வேலைதான். தாலி இல்லாதவள் வைக்கலாமா என்று முதலில் எனக்கே கூச்சம். மேனேஜர் குமரேசன் சார், "சாமிக்கு யார் வச்சா இன்னாம்மா, தூசி இல்லாம இருந்தா போதும்"னு சொல்லிவிட்டார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என் விரலில் குங்குமம் ஒட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. ஆறாம் நம்பரைக் கூட்டப் போனேன், லூசியா அம்மா இல்லை. பலகையில் இருந்தவள் வெறும் நெற்றியோடு என்னைப் பார்த்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, தலையில் பூ இல்லை. என்னை மாதிரியேதான் இருந்தாள், சிரிப்பு மட்டும் ஜாஸ்தி. ஊர்விட்டு ஊர் தூக்கி வந்த அம்மா படத்துக்கு ஒரு பொட்டு வைக்க ஆளில்லையே என்று மனசு கேட்கவில்லை. சந்தனத்தை நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

விரல் வழுக்கவில்லை. அழுந்தியது.

எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்கள் படம் என்றால் கண்ணாடி போட்டிருக்கும். பொட்டு கண்ணாடிமேல்தான் நிற்கும், அடுத்த வாரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுசு வைப்போம். கண்ணாடி இல்லாமல் ஒரு படம் இருக்கும், அதுவும் பெயின்ட் காயாமல் இருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முந்தானை நுனியால் துடைத்தேன். ஒரு பொட்டாக இருந்தது புருவம் வரைக்கும் சிவப்பாக இழுத்துக்கொண்டது. அவளுக்குப் புருவமும் கிடையாது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஓடிப்போய் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சமையல் செய்கிற மல்லிகா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன் நெத்தியில இல்லாததை வெள்ளைக்காரி படத்துல எதுக்குடி வைக்கற? இன்னிக்கே மூட்டை கட்டிக்கோ"ன்னா. சும்மா கேலிதான். எனக்கு அண்ணி உருட்டுகிற பாத்திரச் சத்தம் காதில் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆறாம் நம்பரில் லூசியா அம்மா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திட்டவில்லை. பேசியது மேனேஜர்தான்.

"ஏம்மா, அது ரெண்டு மாசமா வரையற படம். அறிவு வேணாம்? ஏன் வச்சேன்னு கேக்கறாங்க, சொல்லு."

"அவங்க அம்மாவாச்சேன்னு வச்சேன் சார்."

அவர் இங்கிலீஷில் சொன்னார். லூசியா அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறைய நேரம் பேசினாள். அவர் சுருக்கிச் சொன்னார். "இது அவங்க அம்மா இல்லயாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்ன இருந்த ஒரு துணி வியாபாரி சம்சாரமாம். அசலைப் பாக்க உலகமே கியூவுல நிக்குதாம். இவங்க அங்க அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சி விக்கறவங்களாம். இது நாப்பத்தியோராவது. அதை விட்டுடணும்னு தான் இந்த மலைக்கு வந்தாங்களாம், கை கேக்கலியாம்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இருந்துச்சா சார்?"னு கேட்டேன்.

மேனேஜருக்கு எரிச்சல். ஆனாலும் கேட்டார். "இருந்துச்சாம். நாலோ அஞ்சோ."

"அப்ப யாருக்கோ அம்மாதானே சார்."

அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார். லூசியா அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். படத்தைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் இரண்டே வார்த்தை சொன்னாள். அவர் என்னிடம், "போய் வேலையைப் பாரு"ன்னார். கோபத்தில் சொன்னாரா என்று புரியாமல் அன்று முழுக்க வராண்டாவை மூன்று தடவை துடைத்தேன். ராத்திரி தாழ்ப்பாள் போடும்போதுதான், வேலை இருக்கிறது என்று நம்பினேன்.

லூசியா அம்மா இழுபட்ட கறையை மட்டும் துடைத்துவிட்டு நடுவில் இருந்த பொட்டை அப்படியே விட்டு வைத்திருந்தாள். அது எப்படியோ வெளியே தெரிந்துபோயிற்று. பொட்டு வைத்த வெள்ளைக்காரம்மாவைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது. பால்காரர் வந்தார், ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், பெரிய கோயிலிலிருந்து ஒரு குருக்கள் சம்சாரம் மகளோடு வந்தார்கள். "எந்தப் பக்கம் போனாலும் கண்ணு கூடவே வருதுடி"ன்னு மல்லிகா கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து பார்த்தாள். படத்தில் இருக்கிறவள் ஏன் சிரிக்கிறாள் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. வாசலில் பூ விற்கிற அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்: "இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? மாமியார் ஊருக்குப் போன அன்னிக்கு நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்."

லூசியா அம்மாவிடம் அந்த மேதையின் படங்கள் உள்ள கனமான புத்தகம் ஒன்று இருந்தது. பெட்ஷீட் மாற்றி முடித்ததும் பக்கத்தில் உட்கார வைத்துப் புரட்டிக் காட்டுவாள். எங்களுக்குள் பாஷை கிடையாது, விரல்தான். பறவை இறக்கை, வயிற்றுக்குள் சுருண்டிருக்கிற குழந்தை, சுழித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். ஐப்பசி மழையில் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் ஓடையில் அப்படியேதான் சுழிக்கும், பின்னின ஜடை மாதிரி. நான் வருஷா வருஷம் பார்த்ததுதான். அதைப் படம் போடுகிற விஷயம் என்று ஒருத்தர் நினைத்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவோ வேலையை அவர் பாதியில் விட்டுவிட்டாராம். இந்த அம்மா படத்தைக்கூட உரியவர்களிடம் கொடுக்காமல் சாகிறவரைக்கும் கூடவே வைத்திருந்தாராம். இதெல்லாம் மேனேஜர் சொன்னது. அஞ்சாங் கிளாஸோடு நின்றவளுக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

பங்குனியில் லூசியா அம்மா கிளம்பினாள். கடைசி நாள் பலகையைப் பார்த்தேன். நெற்றி சுத்தமாக இருந்தது, பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் அந்த இடத்தையே தேடிக்கொண்டு நின்றேன். லூசியா அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் வலதுகை மோதிர விரலைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த நெற்றியில் வைத்தாள். பெயின்ட் காய்ந்திருந்தது. அதற்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு மேடு. சுரண்டி எடுக்காமல், அதன்மேலேயே வரைந்திருந்தாள்.

ரெண்டு வருஷம் அங்கிருந்து கடுதாசி வந்தது, மேனேஜர் படித்துக் காட்டுவார். பிறகு வரவில்லை. இப்போது மேனேஜரும் இல்லை, மல்லிகாவும் இல்லை. கெஸ்ட் ஹவுஸை இடித்து நாலு மாடி கட்டி, கீழே கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை வந்துவிட்டது. துணி துவைக்கிற கல் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். அந்தப் பலகை எந்த ஊரில், யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ. பார்க்கிறவர்கள் கண்ணையும் சிரிப்பையும் பார்ப்பார்கள். அந்த இடத்தை யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. பை இன்னும் என் பக்கம் சாய்ந்தது. என்னை அறியாமல் என் விரல் அந்தக் கூலிங் கிளாஸுக்கு மேலே போய்விட்டது. வெறும் துணி, வழவழவென்று இருந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு, தூசி"ன்னு சொல்லிட்டு, ஸ்டாப்பிங்குக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.