மீன் செத்த காலையில் நான் போட்ட பழி

போன வருடம் மழைக்காலத்தில், மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது. காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால், கண்ணாடித் தொட்டியில் எங்கள் ஃப்ளவர்ஹார்ன் மீன் வயிறு தெரிய மிதந்துகொண்டிருந்தது. நான்கு வருடம் வளர்த்த மீன். கண்ணாடியில் விரலை வைத்தால் போதும், சண்டைக்கு வரும். முந்தின நாள் மாலை வரை அப்படித்தான் இருந்தது.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள வளர்ப்பு மீன் கடையில் புதுத் தீனி வாங்கியிருந்தேன். மூட்டையிலிருந்து அள்ளி, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டு கட்டிக் கொடுப்பார்கள். பையில் தேதியும் கிடையாது, பெயரும் கிடையாது. வேறென்ன சாட்சி வேண்டும்? செத்த மீனையும் தீனிப் பையையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். 'கீழ்க் கடையில் விஷத் தீனி விற்கிறார்கள், யாரும் வாங்காதீர்கள்' என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் பல்லே விளக்கினேன்.

கடை திறந்ததும் இறங்கிப் போனேன். அதை நடத்துவது என்னைவிடக் கொஞ்சம் இளைய ஒரு பெண். நான்கைந்து பேர் நிற்கும்போதே பையை அவர் முன்னால் வீசி, வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் பையைப் பிரித்து, அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, தன் கடையின் பெரிய மீனுக்குப் போட்டார். அது லபக் லபக்கென்று தின்றது.

"அக்கா, நேத்து சாயங்காலம் உங்க புளோக்ல கொசுப்புகை அடிச்சாங்கதானே?"

அடித்தார்கள். டிங்கி காய்ச்சல் வந்ததால் மருந்துப் புகை அடிக்க வந்து, எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா லா? தொட்டிய நல்லா மூடி, சுத்தி டேப் ஒட்டிட்டுத்தான் போனேன்."

"தொட்டிக்குக் காத்து ஊதுற மெஷின நிறுத்துனீங்களா?"

"அத நிறுத்துனா மீனு செத்துடாதா?" என்று கேட்டுவிட்டு, ஜெயித்தவள் மாதிரி திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டது அந்த மெஷின்தான். தொட்டியைத்தானே மூடினேன்? மெஷின் வெளியே, கிரில் கதவு ஓரமாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கூடம் நிறைந்த மருந்துப் புகையை இழுத்து, குழாய் வழியாக நேராகத் தண்ணீருக்குள் ஊதியிருக்கிறது. அதன் அடியில் காற்றை வடிகட்டும் பஞ்சை எடுத்து மோந்து பார்த்தேன். புகை மருந்தில் கலக்கும் டீசல் வாடை குப்பென்று அடித்தது. என் மீனுக்கு நானே டேப் ஒட்டி விஷம் கொடுத்திருக்கிறேன்.

மறுபடியும் கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கைப்பேசியைக் காட்டினார். என் படம் அதற்குள் அவரிடமே வந்து சேர்ந்திருந்தது.

"மீனு போனது போச்சிக்கா. இத என்னா பண்ணப் போறீங்க?"

குழுவில் போட்டதை உடனே அழித்தேன். தப்பு என்னுடையது என்று நீளமாக எழுதிப் போட்டேன். மூன்று பேர் கட்டை விரலைக் காட்டினார்கள், அவ்வளவுதான். விஷம் என்றதும் விழுந்தடித்துப் பரப்பியவர்களில் ஒருவருக்காவது இதையும் அனுப்பத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து உணவுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற ஒருவர், "கிள்ளான்ல மீன் தீனி வாங்கிறாதீங்க" என்று கைப்பேசியை நீட்டினார். அதில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க பாத்தீங்களா? அந்தக் கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று பாய்ந்தேன். பிறகுதான், அது நானே எடுத்த படம் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. அது ஆளில்லாமல் கிடக்கும் நாட்களில், மழையினாலா என்னாலா என்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டுதான் அதைக் கடந்து போகிறேன்.